பேச்சு கேட்கிற பெட்டி

மதினி,

நேற்றுச் சாயங்காலம் எதிர்வீட்டில் ஒரு புதுப் பெட்டி வந்து இறங்கியது. பிரித்ததும் தெர்மாகோல் வாசமும் புது பிளாஸ்டிக் வாசமும் தெருவைத் தாண்டி நம் வாசல்வரை வந்துவிட்டன. சற்று நேரத்தில் அந்த வீட்டு மருமகள் வந்து நின்றாள். "அத்தை, ஒரு எட்டு வந்து பாருங்க. எந்த ஒயர எங்கன மாட்டணும்னு இவியளுக்குப் புரியல" என்றாள். போனேன். அட்டையின் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததை வழக்கம்போல் ஒருதரம் வாசித்தேன். வாட்ஸ், ஹெர்ட்ஸ், ஓம், டெசிபல். தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவளுக்கு இந்தச் சொற்களோடு என்ன உறவு? எல்லாம் உங்களால் வந்தது. இந்தத் தெருவில் யார் ஹோம் தியேட்டர் வாங்கினாலும் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மாட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உலை வைக்கத் தோன்றவில்லை. வேலை செய்த களைப்பு இல்லை இது. நீங்கள் போனதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. அந்த வாசம் மூக்கிலேயே நின்றது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் இறந்து, உங்கள் மகன் ராயப்பனும் மனைவி மகளோடு மஸ்கட்டுக்குப் போன பிறகு இந்த வீட்டில் நாம் இருவர்தான். கல்யாணமாகாத நாத்தனாரும் கணவனை இழந்த மதினியும் ஒரே கூரைக்குள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்குள் சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நீங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டுவீர்கள். நான் குறைப்பேன். மறுபடி கூட்டுவீர்கள். "மதினி, தெரு முழுக்கக் கேக்குது" என்றால், "எனக்குக் கேக்கலையே" என்பீர்கள். கோபமாகச் சொல்ல மாட்டீர்கள். ஏதோ உங்கள் மேல்தான் தப்பு என்பது போலச் சொல்வீர்கள்.

நீங்கள் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமுக்கு முன்னால் நின்று அறுந்த நூலை ஒட்டியே இளமையைக் கழித்தவர். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவளின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் காதுக்குள் ஓர் இரைச்சல் இருக்கும், சோறு சாப்பிடும்போது அடங்கிவிடும் என்பீர்கள். ஏதோ ஒரு காலத்தில் அது அடங்காமலே போயிருக்கிறது. நீங்களும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

வீட்டில் நான் எதையும் இரண்டுமுறை சொல்ல ஆரம்பித்தேன். பிறகு மூன்றுமுறை. அப்புறம் அவசியம் இல்லாததைச் சொல்வதையே விட்டுவிட்டேன். பூ விற்கிறவள் சொன்ன வேடிக்கை, பஸ்ஸில் கேட்ட வம்பு, இதெல்லாம் நின்றுபோயின. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவைச் சாத்தியாச்சா. வீட்டில் மிஞ்சிய பேச்சு அவ்வளவுதான். மாதா கோவிலில் ஜெபமாலையை முன்னின்று சொல்வதை இன்னொருத்தியிடம் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஏன் என்று கேட்டேன். "தொண்ட சரியில்ல" என்றீர்கள். கூட்டம் பதில் சொல்லி முடித்ததா இல்லையா என்று தெரியாமல் நீங்கள் நடுவில் தொடங்கிவிட்டதை அந்தப் பெண்தான் பிறகு என்னிடம் சொன்னாள்.

அப்புறம் குளத்தூர் நிலம்.

அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கரிசல் புஞ்சையை ராயப்பன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். இருந்தாலும் உங்களைக் கேட்காமல் அவன் அதில் ஒரு வரப்பைக்கூட மாற்றமாட்டான். ஒவ்வொரு ஐப்பசியிலும் விதைப்புக்கு நீங்கள் பஸ் ஏறிப் போவீர்கள். குத்தகைக்காரர் உளுந்து போடுவார். ஈரக் கரிசல் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். நான் வாசலிலேயே தண்ணீரோடு நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரேஷன் கடையில் நின்றிருந்தபோது ராயப்பன் போன் செய்திருக்கிறான். நான் திரும்பி வந்ததும் சந்தோஷமாகச் சொன்னீர்கள். "ராயப்பன் பேசுனான் மேரி. மழ பெஞ்சிருக்குல்லா, புஞ்சைய உழுதுரலாமான்னு கேட்டான். செஞ்சிருய்யான்னேன்." அவன் ஏன் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு உழவைப் பற்றிக் கேட்கிறான் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அரிசியை டப்பாவில் கொட்டும் வேலையில் அதை விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்துக் குத்தகைக்காரர் வந்தார். வெளியிலேயே நின்றுகொண்டு, "என்ன மைனி, ஒரு வார்த்த சொல்லாமக் குடுத்துட்டீகளே. சோலார் கம்பெனிக்காரன் கம்பி வேலி போடுதான்" என்றார். உங்களுக்கு அதுவும் முழுதாகக் கேட்கவில்லை. நான்தான் உங்கள் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அன்று நான் சொல்லிய மாதிரி ஒரு செய்தியை யாரும் யாருக்கும் உரக்கச் சொல்லக்கூடாது.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். பிறகு, "குடுத்துரலாமான்னு கேட்டிருக்கான்" என்றீர்கள். "எனக்கு உழுதுரலாமான்னு கேட்டிருக்கு."

"மதினி, இப்பவே அவனுக்குப் போன் போடுதேன்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வேண்டாம்ட்டி. பத்திரம் முடிஞ்சிருக்கும். அவன் கேட்டான், நான் சரின்னேன். இப்பப் போயி எனக்குக் கேக்கலன்னு சொன்னா, காலம் பூரா அவன் மனச அறுக்கும். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அன்று நீங்கள் அழவில்லை. மறுநாள் காலையில் நீங்களாகவே சொன்னீர்கள், "காது டாக்டர்ட்டப் போவமா?"

திருநெல்வேலியில் அந்தக் கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உங்களை உட்காரவைத்தார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கை சட்சட்டென்று எழுந்தது. பிறகு தயங்கியது. பிறகு மடியிலேயே கிடந்தது. நீங்கள் மிகக் கவனமாக ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

டாக்டரம்மா ஒரு தாளைக் காட்டி விளக்கினார். குறுக்கே ஹெர்ட்ஸ், அதாவது ஒலி எவ்வளவு கீச்சு என்பது. மேலிருந்து கீழே டெசிபல், அதாவது எவ்வளவு உரக்க இருந்தால் கேட்கும் என்பது. கோடு இடப்பக்கம் நன்றாகத்தான் போனது. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் பள்ளத்தில் விழுந்தது. "இவங்களுக்கு இடிச் சத்தம், மோட்டார் சத்தம் எல்லாம் நல்லாக் கேக்கும். சொல்லப் பிரிச்சுக் காட்டுற க, ச, த மாதிரி எழுத்துங்கதான் விழாது" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். "சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல. அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றீர்கள். இத்தனை வருடமாக நீங்கள் சொல்லிவந்ததுதான் அது. நான் அதை டிவி சத்தத்துக்கான சாக்கு என்று நினைத்திருந்தேன்.

காதுமெஷின் வாங்கினோம். கோவிலுக்கும் கடைக்கும் அது உதவியது. டிவிக்கும் போனுக்கும் ஒத்துவரவில்லை, தகரத்துக்குள் பேசுவது போலிருக்கிறது என்றீர்கள். அப்போதுதான் எனக்கு ஹோம் தியேட்டர் யோசனை வந்தது. உங்கள் மகனின் பேச்சு உங்களுக்குக் கேட்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மத்தியானங்களில் போனை வைத்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்க அலுப்புத்தான். கம்பெனிக்காரர்கள் பெரிதாக அச்சடிக்கும் எண் எதற்கும் உதவாது, உதவுகிற எண் பொடி எழுத்தில் இருக்கும் என்று மட்டும் புரிந்தது. ஐயாயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது ஒரு கணம் வெடித்து அடங்குகிற சத்தத்தின் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதற்கு ஆர்.எம்.எஸ். என்று தனியாக இருக்கிறது. அதிலும் எத்தனை சதவீதச் சிதைவில் அந்த அளவு என்று பார்க்க வேண்டும். சிதைவு கூடக்கூடச் சத்தம் இருக்கும், சொல் தெளிவாக இருக்காது. எல்லாப் பெட்டியிலும் இருபதிலிருந்து இருபதாயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. அந்த எல்லைக்குள் எங்கே எவ்வளவு ஏறி இறங்கும் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லையாம். நீங்கள் எட்டிப்பார்த்து, "என் காதுக்குப் போட்டிருக்க அதே ஹெர்ட்ஸா இது? மனுசனுக்கும் பெட்டிக்கும் ஒரே கணக்கா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அந்த நிலக் கதைக்குப் பிறகு நீங்கள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். "அப்ப என்னைய வித்தா பெட்டியில பொய்யா எழுதித்தான் விக்கணும்" என்றீர்கள்.

கோவில்பட்டியில் ரயில்வே ஸ்டேஷன் சாலையிலிருந்த கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி நம்மை உட்காரவைத்துவிட்டு ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. நீங்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டீர்கள்.

"அண்ணாச்சி, வயிறு அதிருது. மில்லுல அதிர்ந்ததே போதும். இதுல மனுசன் பேசுதது கேக்குமா?"

அவர் உடனே நிறுத்திவிட்டார். சிரிக்கவில்லை. "அம்மாவுக்குக் காது கம்மியா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு உங்களுக்கு நேரே திரும்பி, "எங்க வீட்டுலயும் இருக்காவ" என்றார். அதன்பிறகு அவர் நமக்கு விற்கப் பார்க்கவில்லை. நம்மோடு சேர்ந்து தேடினார். ஐந்து ஸ்பீக்கரில் நடுவில் வைப்பதில்தான் பேச்சு வரும், அதை மட்டும் தனியாகக் கூட்ட முடிகிற செட் வேண்டும், தரையில் வைக்கிற, அதிர்வு தரும் பாஸ் பெட்டியைத் தனியாகக் குறைக்க முடிய வேண்டும் என்றேன். போனிலிருந்து ஒயர் வழியாக வரும் சத்தமும் அந்த நடு ஸ்பீக்கரில் வருமா என்று கேட்டேன். "அது எந்தப் பெட்டியிலயும் எழுதியிருக்காதே மேடம், மாட்டித்தான் பாக்கணும்" என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். பளபளவென்று நீல விளக்கெல்லாம் எரிந்த இரண்டு செட்டில் வரவில்லை. விளக்கே இல்லாத ஒன்றில் வந்தது. செய்தி வாசிப்பவளின் குரலை அதில் விட்டு, பாஸை அடியோடு இறக்கி, கீச்சுப் பக்கத்தை ஏற்றினார். எனக்குக் காது கூசியது. நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்தீர்கள். அவள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னீர்கள். "தூத்துக்குடி மாவட்டத்தில் பரவலாக" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் இயர்போன் சொருகும் இடத்தில் ஒயரை மாட்டிவிட்டேன். நடு ஸ்பீக்கரை உங்கள் காது உயரத்துக்கு ஸ்டூலில் வைத்தேன். ராயப்பன் பேசினான். தன் குரல் தனக்கே திரும்பி வருகிறது என்றான். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அதற்குள் பின்னாலிருந்து அவன் மகள் கேட்டாள், "அப்பா, ஆச்சிக்கு இன்னைக்காவது கேக்குதா?"

அவன் அவளை அடக்கினான். ஆனால் அது உங்களுக்கு முழுதாகக் கேட்டுவிட்டது. நீங்கள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தீர்கள். பிறகு, "கேக்குதுட்டி. நல்லாக் கேக்குது. சளி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றீர்கள். குழந்தை தொடர்ந்து பேசிக்கொண்டே போனாள், பள்ளிக்கூடம், பூனை, பக்கத்து வீடு என்று. நீங்கள் ஒன்றையும் விடாமல் பதில் சொன்னீர்கள்.

போனை வைத்ததும், "இத்தன நாளும் அங்கன எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு மேரி" என்றீர்கள். "நெலம் மட்டும் தெரிய வேண்டாம்."

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். நல்ல காலம்தான். மறுபடி நான் உங்களிடம் வம்பு பேச ஆரம்பித்திருந்தேன். பிறகு அந்தப் பக்கவாதம். ஒரு பக்கம் வராமல் போய், படுக்கையிலேயே கிடந்து, ஒரு விடியற்காலையில் போய்விட்டீர்கள். அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. உங்களுக்குத் தெரியாததும் அதில் ஒன்றுமில்லை.

உங்கள் வருஷ நினைவுப் பூசைக்கு ராயப்பன் வந்திருந்தான். பூசை முடிந்ததும் குளத்தூருக்குப் போகலாம் அத்தை என்றான். பஸ்ஸில் போனோம். வேலிக்கு அந்தப்பக்கம் கண்ணுக்கு எட்டியமட்டும் கறுப்புப் பலகைகள் வெயிலைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. பலகைகளுக்கு நடுவே மண் மட்டும் அதே கரிசலாக வெடித்துக் கிடந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

"அத்தை, அன்னைக்கு இதக் குடுத்துரலாமான்னு கேட்டேன்லா. அம்மைக்கு அது கேட்டுச்சா?"

எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சுய்யா" என்றேன். "நானும் பக்கத்துலதான் இருந்தேன். யோசிச்சுத்தான் சரின்னாவ."

அவன் தலையை ஆட்டினான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போவமா" என்றான்.

நாம் இருவரும் பிடித்துக்கொண்டிருந்ததை இப்போது நான் தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், மதினி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்யும்போதெல்லாம் அது எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிறது. என்னோடேயே போகட்டும்.

திரும்பும்போது விளாத்திகுளம் தாண்டியதுமே அவன் தூங்கிவிட்டான். தலை என் தோளில் சரிந்தது. கனமாகத்தான் இருந்தது. கோவில்பட்டி வரும்வரை நான் அசையவில்லை.