அம்மா பார்க்காத கடைசிப் பாகம்

விளக்கு அணைந்ததும் இருட்டில் என் கையைத் தேடிப் பிடிக்கிற என் அம்மாவுக்கு,

கடைசிப் பாகம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிய அடுத்த வருஷமே வந்துவிட்டது. அப்பாவின் மூட்டுவலி, குசினிக் கூரை ஒழுக்கு, துஷியின் பரீட்சை எல்லாம் பிறகு சொல்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

சில மாதங்களாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை அம்மா. ஒரே தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போடுகிறேன். செய்தி தொடங்கினால் ரேடியோவை நிற்பாட்டுகிறேன், உடனே திரும்பப் போடுகிறேன். எங்கே பஸ்ஸில் வெடித்தது, எங்கே யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் படம் வரவேண்டுமா? அதுவும் கண்டிக்கு வரவில்லை. கொழும்பில் மட்டும் ஓடியது.

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எரிந்துபோன ஒரு கிரகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல், இருப்பதற்கு ஓரிடம் தேடி வானமெல்லாம் அலைகிற கதை அது. நான் பிள்ளையாக இருந்தபோது முதல் பாகம் வந்தது. என் பிள்ளை துஷி வளர்ந்து நிற்கிறாள், இப்போதுதான் கதை முடிந்திருக்கிறது. பெயரை நான் எழுதவேண்டியதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கப்பலில் உங்களுக்குப் பிடித்தது கப்டனும் அல்ல, சண்டை போடுகிறவர்களும் அல்ல. மூலையில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு இருந்து, ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கூப்பிட்டு, “யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கிற அந்தப் பெண்ணைத்தான். கண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் முழுக்க அதே வேலையைச் செய்துவிட்டு வந்து, பணம் கொடுத்து அதையே பார்க்கப் போகிறாயே என்று அப்பா சிரிப்பார். “நான் கூப்பிட்டா மாத்தளை எடுக்கும். அவள் கூப்பிட்டா ஒருத்தரும் எடுக்கிறேல்லை. எண்டாலும் விடுறாளில்லையே, பாருங்கோ” என்பீர்கள்.

துஷி அவளை ஒரு பாத்திரமாகவே எடுப்பதில்லை. அவளுக்குப் பிடித்ததெல்லாம் புதிய பாகங்களில் வருகிற இளசுகள். கப்பலிலேயே பிறந்தவர்கள், எரிந்த கிரகத்தைக் கண்ணாலும் காணாதவர்கள். பெரியவர்கள் அந்த மண்ணைச் சொல்லி அழும்போது அவர்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்தை இன்னும் பார்க்காத, கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் பிறந்து, சிங்களப் பிள்ளைகளோடு நெற்போல் மட்ச் விளையாடி வளர்ந்த பிள்ளை வேறு யாரை விரும்பும்? முந்தி ஒருநாள் உங்கள் மடியில் இருந்து பழைய பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “அம்மம்மா, கப்பலைக் கட்டின நூல் தெரியுது!” என்று கத்தினாள். “தெரிஞ்சா என்ன, பறக்குதுதானே?” என்றீர்கள்.

நடுவில் நான். எனக்கென்று அந்தக் கப்பலில் ஆள் இல்லை. மூன்றாம் பாகத்திலிருந்து எந்தப் பாகத்துக்குப் போனாலும் திரையைப் பார்ப்பதைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். துஷிக்கு இந்த வருஷம்தான் முழுதாகச் சொன்னேன்.

எண்பத்து மூன்று ஜூலை. மூன்றாம் பாகம் கண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கச்சேரி அலுவலகத்துக்கு வெளிக்கிட்ட அப்பா, “கொழும்பில ஏதோ குழப்பமாம். இண்டைக்கு ஒரு இடமும் போகாதேங்கோ” என்றார். நீங்கள் லீவு எடுத்திருந்தீர்கள். “கொழும்பிலதானே. நாளைக்குப் படத்தை மாத்திப்போடுவாங்கள்” என்று சொல்லி, அவர் தலை மறைந்ததும் எனக்குப் பின்னல் போட்டுவிட்டீர்கள். நாங்கள் மட்னி ஷோவுக்கு டவுனுக்கு இறங்கினோம்.

பாதிப் படத்தில் புகை மணம் வந்தது. முதலில் அது படத்தோடு சேர்ந்தது என்றே நினைத்தேன், கப்பலில் தீ பிடிக்கிற கட்டம் அது. பிறகு வெளியே கண்ணாடி உடைகிற சத்தம். விளக்குகள் எரிந்தன. தியேட்டர் மனேஜர், மெலிந்த சிங்கள மனுஷன், திரைக்கு முன்னால் வந்து நின்றார். “வெளியே கடைகளை எரிக்கிறார்கள். இரும்புக் கதவைப் பூட்டிவிட்டேன். யாரும் எழும்ப வேண்டாம், படம் ஓடும்” என்றார். யார் தமிழர், யார் சிங்களவர் என்று அவர் கேட்கவில்லை. படம் ஓடியது, முன்னைவிடச் சத்தமாக. முடிந்தபோது அவர் மறுபடி முதல் றீலைப் போடச் சொன்னார்.

நீங்கள் சேலைத் தலைப்பால் உங்கள் பொட்டை அழித்தீர்கள், பிறகு என்னுடையதை. நான் உங்கள் மடியில் முகம் புதைத்தேன். “அழாத. படத்தைப் பார்” என்றீர்கள். எப்படி அம்மா பார்க்க முடிந்தது? பின்னொரு நாள் கேட்டதற்கு, “கதவைப் பாத்துக்கொண்டிருந்தா கதவு உடையிறமாதிரியே இருக்கும்” என்று மட்டும் சொன்னீர்கள்.

நமக்கு அடுத்த கதிரைகளில் கலகெதரயில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. தாயும் தகப்பனும் சின்னப் பிள்ளைகளும். அந்தத் தாய் குனிந்து, “தங்கச்சி, நீங்க எங்களோட வாங்க. வேன் பின்னால நிக்குது” என்றார். உங்கள் சேலைத் தலைப்பை எடுத்துத் தன் கையாலேயே உங்கள் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டார். “யாரும் கேட்டா என்ட தங்கச்சின்னு சொல்றன். மகள், நீங்க வாயே தொறக்க வாணாம்.” மனேஜர் பின்கதவைத் திறந்துவிட்டார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஒரு கூட்டம் மறித்தது. பொல்லுத்தடியோடு ஒருவன் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார், பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறோம் என்று. என்ன படம் என்று அவன் கேட்டான். சொன்னார். அவன் முகம் சட்டென்று மாறியது. “எப்படி, படம் நல்லமா? முதல் ரெண்டும் நான் பார்த்தேன்” என்றான். கையில் பொல்லு அப்படியே இருந்தது. வேனை விட்டுவிட்டான்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. யாருமற்ற வானத்தைக் கூப்பிடுகிற அதே பெண்ணை அவனும் பார்த்திருக்கிறான். அவளுக்காக அவனும் இரக்கப்பட்டிருப்பானா? அடுத்ததாக வந்த வேனில் இருந்தவர்கள் படத்துக்குப் போகாதவர்களாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பான்?

ஊரடங்கு தளர்ந்து கலகெதரயிலிருந்து திரும்பி வந்தபோது அம்பிட்டிய வீட்டில் சுவர் மட்டும் நின்றது. கச்சேரியில் தன்னோடு வேலை செய்தவர் வீட்டில் ஒளிந்திருந்த அப்பா ஓடி வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு உங்களைப் பார்த்து, “பிள்ளையைக் கொண்டுபோய்ச் சாகக் குடுக்கப் பாத்தாய்” என்றார். நீங்கள் எரிந்த வீட்டைக் காட்டி, “இஞ்ச இருந்திருந்தா?” என்று கேட்டீர்கள். இருவரும் அந்த வாக்குவாதத்தை முடிக்கவே இல்லை. வீட்டைத் திருப்பிக் கட்டினீர்கள், என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள், எல்லாம் முடிந்தது. அது மட்டும் முடியவில்லை.

இப்போது புரிகிறதா, துஷி வந்து, “அம்மா, கொழும்புக்குப் போவம். ஃபிரண்ட்ஸ் எல்லாரும் பாத்திட்டாளவை” என்று கேட்டபோது எனக்கு ஏன் அந்த இரும்புக் கதவு நினைவுக்கு வந்தது என்று? முடியாது என்றேன். அவளும் விடவில்லை. அந்தக் கதையை முழுதாகச் சொன்னேன், கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள் என்று நினைத்து. அவள் முழுதும் கேட்டாள். பிறகு, “அப்ப அம்மம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு போனது பிழை எண்டு சொல்லுறீங்களா?” என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அப்பா கதிரையில் இருந்தபடியே, “உன்ர கொம்மாவின்ர சினிமா விசர் இவளுக்கும் தொத்திட்டுது. ஒருத்தரும் போகத் தேவையில்லை” என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போயே இருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். விடிந்ததும் அடையாள அட்டைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நானும் அவளும் பஸ் ஏறினோம்.

கொழும்புக்குக் கிட்டவாகச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதைப் பார்த்த ஆமிக்காரப் பொடியன் நிமிர்ந்தான். துஷியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் துஷி சிங்களத்தில், “படம் பார்க்க” என்று சொல்லிப் பெயரையும் சொன்னாள்.

அவன் முகம் மாறியது. எனக்கு அந்த மாற்றம் தெரியும் அம்மா. அவன் அட்டையைத் திருப்பித் தந்து, “கடைசிப் பாகமா? அடுத்த மாசம் எனக்கு லீவு. அதுவரைக்கும் ஓடுமா, நங்கி?” என்று கேட்டான். தங்கச்சி என்று கூப்பிட்டான் அவளை. “ஓடும். கட்டாயம் பாருங்க” என்றாள் துஷி. பழைய பாகங்களைத் தன் மாமாவோடு வீடியோவில் பார்த்தானாம். மெக்கானிக் கிழவனைத்தான் அவனுக்குப் பிடிக்குமாம். எனக்கு அந்தக் கிழவன் நினைவில்கூட இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கவும் எங்களை அனுப்பிவிட்டான்.

தியேட்டர் நிறைந்திருந்தது. நரைத்த தலைகளும் இருந்தன, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். கிழவர்கள் சிரித்த இடத்தில் பிள்ளைகள் முழித்தார்கள், பிள்ளைகள் விசிலடித்த இடத்தில் கிழவர்கள் பக்கத்துக் கதிரையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நான் வழக்கம்போல வாசல் பக்கக் கதிரையில் இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவை இங்கே எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லலாம். உங்கள் ஆள் வந்தாள் அம்மா. அதே நடிகை. தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, காதுக்கருவியை மாட்டும்போது கை நடுங்குகிறது. சபையில் வயதானவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். துஷி என் பக்கம் திரும்பி, “அம்மம்மான்ர ஆள்!” என்றாள். அவள் திரையில் வந்த பிறகு நான் வாசலைப் பார்க்கவில்லை. பார்க்க மறந்துவிட்டேன் என்பது படம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் துஷி, கப்பலில் பிறந்தவர்கள் செய்ததுதான் சரி என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ்ஸில் அதைப்பற்றியே சண்டை போட்டோம். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இருவரையும் பிழை என்றிருப்பீர்கள்.

திரும்பும் வழியில் அதே சாவடி. அதே பொடியன் வீதியின் மறுகரையில் நின்றான். யன்னலில் துஷியைக் கண்டுவிட்டான். துவக்கைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டான், முடிவைச் சொல்லாதே என்று. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். துஷி வாயைப் பொத்திக் காட்டினாள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் அந்த வழியால் போகவேண்டி வந்தது. அங்கே வேறு ஆட்கள் நின்றார்கள். துஷி இறங்கி நின்றபோது துணிந்து விசாரித்தாள். அவனை வடக்குக்கு அனுப்பிவிட்டார்களாம். லீவு கிடைத்ததா என்று கேட்டாள். கேட்கப்பட்டவன் தோளைக் குலுக்கினான். படமும் அந்தக் கிழமையோடு தியேட்டரை விட்டுப் போய்விட்டது.

அவன் பார்த்திருப்பானா? எங்கள் ஊர்ப் பக்கம்தான் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே யாரை மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறானோ. அவனுக்கு எதிரே துவக்கோடு நிற்கிற எங்கள் பொடியன்களிலும் யாராவது இந்தப் படத்தைப் பார்த்தவர்களாக இருப்பார்களோ. எனக்கு இதையெல்லாம் யோசித்து என்ன ஆகப்போகிறது? ஆனால் யோசனை நிற்கவில்லை அம்மா. அவன் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

இன்னொரு செய்தி. துஷிக்குக் கொழும்பில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே ஹொஸ்டலில் தங்கவேண்டும், தனியாகப் போய் வரவேண்டும். அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, “நீயும் கொம்மா மாதிரித்தான் முடிவெடுக்கப் போறாய், என்ன?” என்று கேட்டார். கோபம் இல்லாமல் கேட்டார். ஓம் அப்பா என்றேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, “போகேக்க அவளுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கிக் குடு” என்றார்.

அவளைப் போக விடுவேன் அம்மா, இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அது என்னோடுதான் இருக்கும். அவள் வீடு வரும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு றோட்டைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். ஆனால் ஒருபோதும் அவளைப் பார்த்து “போகாதே” என்று சொல்லமாட்டேன்.

உங்கட மகள், துஷியின் அம்மா,
வாசுகி
அம்பிட்டிய