எழுபத்து நான்காம் எண் சட்டை

ஏப்ரல் 14, செவ்வாய்

மழை. சலவை அறையில் இரண்டு இயந்திரங்களும் ஓடுகின்றன. நான் சொல்கிறேன், என்னோடு இங்கே துவைக்கும் கிராசியெட் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, எண்கள் மட்டும் தெரியும். இது கிளப் கொடுத்த நோட்டு. எந்தச் சட்டை கிழிந்தது, எத்தனை காலுறை துவைத்தோம் என்று குறித்து வைக்க. பாதிப் பக்கங்கள் காலி. அதில் என்னைப் பேசச் சொன்னவள் இவள்தான். "தியோலிந்தா அக்கா போனதிலேருந்து வாயைத் தொறக்கிறதே இல்ல அண்ணே. என்கிட்ட சொல்ல வேணாம், நோட்டுகிட்ட சொல்லுங்க. நான் வெறும் கைதான்."

தியோலிந்தா என் மனைவி. நவம்பரில் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் காலுறை மடித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு ஜோடி. மடித்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

இன்று 61-ம் எண் பையன் சட்டையை முழங்கையில் கிழித்துக்கொண்டு வந்தான். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆட்டம். கொட்டும் மழை. ஜெயித்தோம், 2-1.

எங்கள் கிளப் லவ்ராடாஸின் பெரிய அணி முதல் லீகில் ஆடுகிறது. நாங்கள் அதன் இரண்டாம் அணி, ஒரு லீக் கீழே. எங்கள் பையன்களுக்கு அறுபதுக்கு மேலேதான் எண். முதுகில் பேர் கிடையாது. மேலே கூப்பிட்டால்தான் பேர் ஒட்டுவார்கள். முப்பத்தோரு வருஷமாக இந்த அணிக்கு நான்தான் உடைக்காரன். யார் எந்த எண் போட்டான் என்று கேட்டால் இன்றும் சொல்வேன். 74 போட்டவர்கள் ஏழு பேர். ஒருவன் பிராகா நகரத்தில் காபிக்கடை வைத்திருக்கிறான், ஒருவன் பஸ் ஓட்டுகிறான். ஏழு பேரில் ஒருவனும் மேலே போகவில்லை. எட்டாவது வல்டெமார்.

இருபத்தாறு வயது, ஆறாவது வருஷம். அப்பா கேப் வெர்தே தீவுகளிலிருந்து வந்தவர். இன்று அவனை அறுபதாவது நிமிடத்தில் இறக்கினார்கள். வெளியே காத்திருப்பவர்களின் சட்டையை நான் அவர்களிடம் முன்கூட்டியே கொடுக்கமாட்டேன். போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நனைந்து, குளிர்ந்து, கால் இறுகிப்போகும். வெந்நீர்க் குழாய்மேல் போட்டுவைத்து, கூப்பிட்டதும் வெதுவெதுப்பாகக் கையில் கொடுப்பேன். அது என் பழக்கம். அவர்களுக்கும் பழகிவிட்டது.

தலையை நுழைத்துக்கொண்டே சொன்னான், "மாமா, இதுல ரொட்டி சுட்டீங்களா?" எட்டு நிமிடத்தில் கோல் போட்டான்.

எல்லோரும் கத்தினார்கள். நானும் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலுறை முப்பத்தெட்டு ஜோடி. மத்தியானம் சோளரொட்டி, வறுத்த மத்தி. உப்பு இருந்ததா என்று கிராசியெட் கேட்டாள். தெரியவில்லை.

மே 9, சனி

கடைசி ஆட்டம். சமன். அது போதும், லீகில் தங்கிவிட்டோம். பையன்கள் என்னைத் தூக்கிக் குளியல் தொட்டியில் போட்டார்கள். தண்ணீர் சூடாகத்தான் இருந்திருக்கும்.

மே 12, செவ்வாய்

வல்டெமார் சலவை அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். பெரிய அணியில் இரண்டு பேருக்கு அடி. ஞாயிற்றுக்கிழமை அவனை மாற்று ஆட்டக்காரனாக வெளியே உட்காரக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று ஜெயித்தால் பெரிய அணி தங்கும், இல்லையென்றால் இறங்கிவிடும்.

"மாமா, ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. பெரிய அணிக்கு ஒரு நிமிஷம் ஆடினாக்கூட போதும், இன்னொரு வருஷம் என்னை வெச்சுக்கணும். இல்லன்னா ஜூன் முப்பதோட சரி."

"ஒரு நிமிஷம்தானே."

"ஒரு நிமிஷம்தான். ஆறு வருஷமாக் கெடைக்கல."

74-ல் பேர் ஒட்டினார்கள். கிராசியெட் படித்துக் காட்டினாள். எனக்கு அது கோடுகள். விரலால் தடவிப் பார்த்தேன், மேடாக இருந்தது.

மே 17, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

மே 18, திங்கள்

நேற்று கிராசியெட் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்று சொல்கிறேன்.

பெரிய மைதானம். மழை. அங்கே மாற்று ஆட்டக்காரர்கள் சட்டையை உள்ளே போட்டு, மேலே கோட்டுப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். எனக்குத் தெரியாதது இல்லை. பெரிய அணியின் உடைக்காரர் அம்ப்ரோசியோ கேட்டார், "எழுபத்து நாலு எங்கய்யா?"

"என்கிட்ட இருக்கு."

"அவன் ஒடம்புல இருக்கணும். உன் கக்கத்துல இருந்தா ஆச்சா?"

"ஈரத்துல உக்காந்தா அவனுக்குக் கால் புடிச்சுக்கும். முப்பத்தோரு வருஷமா இப்படித்தான் செய்றேன்."

"என்னமோ பண்ணு. அங்க உன்னை உள்ள விடமாட்டாங்க, சொல்லிட்டேன்."

வல்டெமார் சிரித்தான். "கூப்டா குடுத்துடுவீங்கல்ல மாமா?"

"என்னைக்குக் குடுக்காம இருந்தேன்?"

எனக்குக் கொடுத்த இடம் அவர்களுக்குப் பின்னால், தடுப்புக்கு இந்தப் பக்கம், இரண்டாவது வரிசை. அங்கே வெந்நீர்க் குழாய் இல்லை. சட்டையை என் கோட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.

எழுபத்தெட்டாவது நிமிடம். 1-1. பயிற்சியாளர் விரலை நீட்டினார். வல்டெமார் எழுந்து கோட்டைக் கழற்றினான். உள்ளே வெறும் பனியன். திரும்பி என்னைப் பார்த்தான். நான் அதற்குள் எழுந்து இறங்கிவிட்டேன். தடுப்பருகே மஞ்சள் கோட்டுக் காவலாளி என் நெஞ்சில் கையை வைத்தான்.

"பெரியவரே, உக்காருங்க."

"சட்டை. அவனோட சட்டை."

"அதெல்லாம் ஆட்டம் முடிஞ்சப்புறம் கேட்டு வாங்கிக்கலாம். ஊர் முழுக்க ஆளாளுக்குச் சட்டை வேணும்னா நான் என்ன பண்றது?"

"கேக்க வரலப்பா, குடுக்க வந்திருக்கேன்."

அவன் சிரித்தான். கெட்டவன் இல்லை. என் வயசைப் பார்த்து மெதுவாகத்தான் தள்ளினான்.

வல்டெமார் எட்டு அடி தள்ளிக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வீசியிருக்கலாம். ஏன் வீசவில்லை? முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சட்டையைக்கூட நான் வீசியதில்லை. கையில்தான் கொடுப்பேன். அந்த நேரத்தில் அதுதான் தலையில் இருந்தது — கையில் கொடுக்கணும், கையில் கொடுக்கணும்.

பயிற்சியாளர் கத்தியது எனக்கே கேட்டது. "சட்டை இல்லாம எதுக்குடா வந்தே?" 27-ஐ இறக்கினார். 27 ஓடினான், விழுந்தான், ஒன்றும் நடக்கவில்லை. 1-1. பெரிய அணி இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோதும் சட்டை சூடாகவே இருந்தது. கீரை சூப்பைச் சுடவைத்துக் குடித்தேன். கிண்ணத்தைக் கழுவினேன். தூங்கினேன்கூட.

கிராசியெட் கேட்கிறாள், "இதையும் எழுதணுமா அண்ணே?" எழுது.

மே 22, வெள்ளி

ஒரே கிளப்பின் இரண்டு அணி ஒரே லீகில் ஆடக்கூடாது. அதனால் பெரியது எங்கள் லீகுக்கு இறங்கினால் நாங்கள் அதற்கும் கீழே போகவேண்டும். நாங்கள் ஆடித் தங்கியது கணக்கில் வராது. அந்தக் கீழ் லீகில் ஓர் அணி நடத்த இஷ்டமில்லை, மூடுகிறோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். என்னைச் சிறுவர் அணிகளின் துணி துவைக்க வைத்துக்கொள்வார்களாம்.

சரி என்றேன்.

ஜூன் 11, வியாழன்

சட்டை மாட்டும் கொக்கிகளைச் சுவரிலிருந்து கழற்றினோம். இருபத்தாறு.

ஜூன் 30, செவ்வாய்

வல்டெமார் பூட்ஸ் எடுக்க வந்தான். அன்றைக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினான்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா? நான் எறங்கியிருந்தாலும் கோல் போட்டிருக்கமாட்டேன். மழையில என் கால் எப்படின்னு உங்களுக்கே தெரியும்."

"ஏப்ரல் பத்தொம்பதும் மழைதான். எறங்கி எட்டே நிமிஷத்துல போட்டே."

ஆட்டிய காலை நிறுத்தினான். என் நினைவு ஒரு சனியன். அவன் எனக்காக ஒரு பொய் சொல்கிறான், அதைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் போதும்னு சொன்னே. நான்தான் எடுத்துட்டேன்" என்றேன்.

"ஆமா" என்றான். "நீங்கதான். நாலு நாள் உங்க பேரைச் சொல்லித் திட்டினேன். அம்மாகூட கேட்டா, யாருடா அந்த எர்மீனியோன்னு."

"அஞ்சாவது நாள்?"

"அஞ்சாவது நாள் அலுத்துப்போச்சு."

74-ஐ நீட்டினேன். துவைத்து, மடித்து, பேர் மேலே தெரிகிற மாதிரி. அவன் வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. கூப்டா குடுங்க."

கிண்டலா, நிஜமா? முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. பூட்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிராசியெட் மூக்கைச் சிந்தினாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

சிறுவர் சட்டைகள் உள்ளங்கை அகலம்தான் இருக்கின்றன. சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன.

செப்டம்பர் 13, ஞாயிறு

காலையிலிருந்து வானம் மூட்டம். பத்து மணிக்கு கிராசியெட்டின் போன் அடித்தது. காதில் வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான்" என்று நீட்டினாள்.

வல்டெமார். வாரநாளில் டயர்க் கடையில் வேலையாம், ஞாயிற்றுக்கிழமை மாவட்ட லீகில் ஓர் ஊர் அணிக்கு ஆட்டமாம். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர்.

"மூணு மணிக்கு ஆட்டம் மாமா. என்னை வெளியதான் உக்கார வெக்கிறாங்க. இங்க உடைக்காரன்னு ஆளே கெடையாது. வெந்நீர்க் குழாயும் கெடையாது."

"என்ன எண்?"

"பதினஞ்சு. எனக்கு ரெண்டு அளவு பெருசு." கொஞ்சம் நிறுத்தினான். "மழை வரும்போல இருக்கு."

"தடுப்பு இருக்கா அங்க?"

சிரித்தான். "ஒரு கயிறுகூட இல்ல மாமா. வேலியோரமா ஆடு மேயுது."

வெந்நீர்ப் பையையும் குடையையும் எடுத்து வைத்தேன். காலுறை இன்னும் பத்தொன்பது ஜோடி பாக்கி இருக்கிறது. போதும், எழுதியது போதும். மீதியை நீ மடிச்சிடு கிராசியெட், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.