துணியின் மறுமுனை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ, உன் வீட்டம்மா, பெண் வாலு மூவரும் சௌக்கியமா? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். நேற்றும் அப்படித்தான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார், இனி வேறு ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறோம் என்று நீ சொன்னது காதில் விழுந்தது. மீதியை நானே பேசிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வந்துவிடுங்கள்.

உன் அத்தான் போனதிலிருந்து மாடி பூட்டித்தான் கிடக்கிறது. முன்னறையில் காலை வெயில் நன்றாக வரும். நீ வீட்டு வரைபடங்கள் போடுகிற பலகையை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம். உன் வீட்டம்மா புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வதற்காகத் துணி அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு மடங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னாயே, இங்கே உள்ளறை அலமாரியில் காலை நீட்டியே உட்காரலாம். பின்னறை வாலுக்கு. அதற்கு நீலத்தில் திரைச்சீலைத் துணி பார்த்து வைத்திருக்கிறேன்.

அவள் பள்ளிக்கூடம் போகாததைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு அது சுலபம் இல்லைதான். ஆனால் வகுப்பில் இடது கைக்காரப் பிள்ளை வந்தால் நான் அதன் கையை மாற்றியதில்லை. பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைப்பேன், அவ்வளவுதான். வாலு விஷயத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

பதில் போடு. போன் வேண்டாம்.

உன் அக்கா


மார்ச் 19

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூவரும் வாசித்தோம். "அலமாரிக்குள்ள காலை நீட்டலாமா? அப்ப நான் இன்னைக்கே கிளம்பறேன்" என்று பதிவு செய்கிற அம்மாள் எழுந்தேவிட்டாள்.

ஆனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது அக்கா. பெரிய முடிவு எதுவானாலும் மூவரும் ஒரே சொல்லைச் சொல்லும்வரை பேசுவோம். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு மூன்றாவது ஆளை இழுத்துப் போகக் கூடாது. பாடத்திட்டம் இல்லாமல் அவளுக்குப் பிடித்த வழியில் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, எங்கே வாழ்வது என்பதை மட்டும் அவளைக் கேட்காமல் முடிவு செய்தால் அது நன்றாக இருக்காது.

ஊர்கள் மூன்று. ஒன்று உன் ஊர். ஒன்று மலையடிவாரம். ஒன்று கடலோரம். ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் போய் இருக்கப் போகிறோம். சுற்றிப் பார்க்கக் கூடாது, அதுதான் நிபந்தனை. துணி துவைக்க வேண்டும், காய் வாங்க வேண்டும், சலித்துப்போய் வாசலில் உட்கார வேண்டும். ஓர் ஊரில் எப்படிச் சலிக்கிறது என்று தெரியாமல் அங்கே குடி போகக் கூடாது என்பது வாலுவின் கட்சி.

எனக்கு அமைதியான தெரு போதும். அவள் அம்மாவுக்கு நாய் குரைக்காத தெரு. வாலு கேட்டது வேறு. போன வருடம் எதிர்வீட்டுப் பெண் குடும்பத்தோடு கிளம்பிப் போனதிலிருந்து அவளுக்கு இங்கே யாரும் இல்லை. "நீயும் அம்மாவும் நல்லவங்கதான்பா. ஆனா ரொம்பப் பெரியவங்க. எனக்கு என் வயசுல ஒரே ஒருத்தி போதும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு வெகு நேரம் ஜன்னல் பக்கமே நின்றாள்.

முதலில் உன் ஊர்தான். ஏப்ரல் முதல் வாரம் வருகிறோம்.

உன் தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. இங்கே வீடு கோடை விடுமுறைப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது.

வாலு என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள். வந்த அன்றே கேட்டாளே, நினைவிருக்கிறதா? "அத்தை, இந்த ஊர்ல என் வயசுப் பிள்ளைங்க பகல்ல எங்க இருப்பாங்க?" பள்ளிக்கூடத்தில் என்றேன். "சாயங்காலம்?" டியூஷனில். "அப்புறம்?" வீட்டுப்பாடம். "அப்ப அவங்க இந்த ஊர்ல குடியிருக்கல அத்தை. வந்து தூங்கிட்டுப் போறாங்க." அன்றைக்கெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கேட்ட பிள்ளைக்கு ஒரு வழி செய்யாமல் விட முடியுமா? அதனால்தான் என் பழைய மாணவர்களின் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தேன். எவ்வளவு நன்றாக நடந்தது, பார்த்தாய் அல்லவா! மாடி வராந்தாவில் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டேன். ஒவ்வொருவரும் எழுந்து நின்று பெயர், வகுப்பு, பிடித்த பாடம் மூன்றையும் சொன்னார்கள். பழக்க தோஷத்தில் பெயர் கூப்பிட்டே தொடங்கிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். வாலு மட்டும், "தெரியுதே அத்தை, உங்க எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். எல்லோரும் அப்படிச் சிரித்தார்கள்!

பிறகு கொஞ்சம் பொதுஅறிவுக் கேள்விகள் கேட்டேன், கூச்சம் போகட்டும் என்று. பிஸ்கட் கொடுத்தேன். ஆறு மணிக்குள் எல்லோரையும் அனுப்பிவிட்டேன், டியூஷன் இருக்கிறது பார். இங்கேயே வந்துவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் இப்படிச் செய்யலாம்.

திரைச்சீலையை நானும் அவளும்தான் மாட்டினோம். அவள் ஸ்டூலில் ஏறினாள், நான் கீழே நின்று பிடித்துக்கொண்டேன். பின்னறையில் மத்தியானம் இப்போது நீல வெளிச்சம். தினமும் ஒருமுறை ஏறிப் போய்ப் பார்க்கிறேன்.

மற்ற ஊர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை. ஆடி அசைந்து வந்தாலும் சரி, வந்தால் போதும்.

உன் அக்கா


ஜூலை 11

அன்பான அக்காவுக்கு,

வருகிறோம். அடுத்த மாதக் கடைசியில் உன் மாடிக்கு.

இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்குக் குறைத்து எழுதி எனக்குப் பழக்கமில்லை.

மலையடிவாரத்தில் மழை, மறுபடி மழை. அதை யாருமே பேச்சில் எடுக்கவில்லை. கடலோர ஊரில் நான்காம் நாள் வாலு நூலகத்துக்குப் போனாள். நூலகத்தின் பின்புறம் ஒரு கொட்டகை. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கற்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர் அங்கே கூடி நாடகம் போடுகிறார்களாம். இவளுக்குத் தெரியாது, சும்மா எட்டிப் பார்த்தாள். காடு வரைந்த பெரிய துணி ஒன்றை ஒரு பெண் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். காற்றில் துணி அவளையே சுருட்டிக்கொண்டது. அவள் உள்ளேயிருந்து கத்தினாளாம், "ஏய், யாரு அது? சும்மா நிக்காத, அந்த முனையப் பிடி!"

இவள் பிடித்தாள்.

தலைமுடியில் பச்சைச் சாயத்தோடு வந்து சேர்ந்தாள். அவள் அம்மா கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"கேக்கல."

"என்ன வயசு?"

"கேக்கல."

"இவ்வளவு நேரம் அப்படி என்னதான்டி பேசினீங்க?"

"எல்லாம்."

மீதி நாட்களில் அவளைச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தோம்.

வீடு திரும்பியதும் பேச உட்கார்ந்தோம். அம்மாவும் பெண்ணும் கடலோரம் என்றார்கள். நான் உன் ஊர் என்றேன். காரணம் கேட்டார்கள். வராந்தா, வெயில், அலமாரி என்று என்னென்னவோ சொன்னேன். வாலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அத்தை மாடி ஏறும்போது ரெண்டு படிக்கு ஒரு தடவை கைப்பிடியப் பிடிச்சிட்டு நிக்கறாங்கப்பா. நாம பார்க்கறோம்னு தெரிஞ்சா, சுவர்ல ஏதோ அழுக்கு இருக்கிற மாதிரி தடவறாங்க. அத்தைகிட்டயே போகலாம். நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் அம்மாவும் சரி என்றாள். மூவரும் ஒரே சொல். வழக்கப்படி முடிவாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் எதற்கெடுத்தாலும் சிரித்த முகமாக இருக்கிறாள். பாத்திரம் கழுவுகிறாள். சொல்லாமலே துணி மடிக்கிறாள். பழைய வாலுவாக இருந்தால் இதற்குள் என்னோடு இரண்டு சண்டையாவது போட்டிருப்பாள். ஆனால் நீ தனியாக அந்தப் படிகளில் நிற்பதை நினைத்தால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

இதையெல்லாம் நான் எழுதினேன் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. லாரி ஏற்பாடு செய்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. "வருகிறோம்" என்பதை வாசித்ததும் மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மீதியை மறுநாள்தான் வாசித்தேன். அந்த ஒரு நாள் நன்றாக இருந்தது.

வகுப்பில் ஒன்று பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பிள்ளை பென்சில் இல்லாமல் முழிக்கும். ஒரு குழந்தை தன் பென்சிலை எடுத்துக் கொடுத்துவிடும். நீ எழுதவில்லையா என்று கேட்டால், "எனக்கு எழுத வேணாம் டீச்சர்" என்று சிரிக்கும். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பென்சிலை வாங்கி அதன் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அது நல்ல குழந்தை என்பதற்காக அது எழுதாமல் இருக்க விடலாமா?

இப்போது வாலுவின் பென்சில் என் கையில் இருக்கிறது.

கடலோரத்துக்குப் போங்கள். லாரிக்காரரிடம் ஊரை மாற்றிச் சொல்லிவிடு.

என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மாடிக்கு ஆள் வந்தாகிவிட்டது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ், கூட அவள் அம்மா. சாவியை நேற்றே கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை நாளைக்குப் போடலாம், நாளை மறுநாள் போடலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்திருப்பேன், அதற்காகத்தான். அந்தப் பெண் என் முழங்காலைப் பார்த்த பார்வையிலேயே ஏதோ பயிற்சி சொல்லித் தரப்போகிறாள் என்று தெரிகிறது. இனி நான் மாணவி.

அன்றைக்கு நாற்காலி வரிசையில் உட்கார்ந்து வாலு என்ன பாடுபட்டிருப்பாள் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் பிஸ்கட் தட்டை அவள்தான் எல்லோருக்கும் நீட்டினாள். நன்றாகத்தான் நடந்தது என்று காட்ட இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பார்.

நர்ஸிடம் சொந்தமாகத் திரைச்சீலை இருக்கிறதாம். அதனால் நீலத் துணியைக் கழற்றித் துவைத்துவிட்டேன். மடிக்கத்தான் திண்டாடிப்போனேன். நீளமான துணி. ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டால் மறுமுனை தரையில் புரள்கிறது. அதை எடுக்கக் குனிந்தால் இது நழுவுகிறது. ஒருவழியாக மடித்துப் பார்சலில் போட்டிருக்கிறேன். ஓரங்கள் சரியாக வரவில்லை. அவர்கள் நாடகத்தில் கடலுக்கோ வானத்துக்கோ ஆகுமா என்று வாலுவைக் கேள். வந்து சேர்ந்ததும் உதறி ஒழுங்காக மடிக்கச் சொல். அந்தப் பெண் ஒரு பக்கம் பிடிக்கட்டும்.

புது வீட்டில் நீங்கள் கொஞ்சம் காலூன்றியதும் நானும் ஒரு வாரம் வந்து இருக்கிறேன். உங்கள் நிபந்தனைப்படிதான், சுற்றிப் பார்க்க மாட்டேன். வாசலில் சும்மா உட்காருவேன். வருகிற பிள்ளைகளிடம் எந்த வகுப்பு என்று கேட்க மாட்டேன். வாய்தவறிக் கேட்டுவிட்டால் வாலு என் காலை மிதிக்கட்டும், வலது காலை. இடதுதான் வலிக்கிறது.

உன் வீட்டம்மாவிடம் அலமாரிக்காக வருத்தப்படுகிறேன் என்று சொல்.

என்றும் உன் அக்கா

பி.கு. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யாதே. கொஞ்ச நாள் போகட்டும். உன் குரலைக் கேட்டால் வந்துவிடு என்று சொல்லிவிடுவேன்.