மோர்வானின் மூக்கு

நவம்பர் 14, 1851. பாரிஸ்

நான் வரைந்த மோர்வான் கேலிச்சித்திரம் இன்று வெளிவந்தது. அரண்மனை வாசலில் பேனாவை ஈட்டிபோல் நீட்டி நிற்கிறார் எழுத்தாளர். திரைக்குப் பின்னால் ஜனாதிபதியின் மீசை மட்டும் தெரிகிறது. படக்கடைக் கண்ணாடிமுன் ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. உண்மையில் மோர்வானுடையது மனதில் தங்காத முகம். அதனால்தான் உருளைக்கிழங்குபோல் ஒரு மூக்கு வைத்தேன்.

நவம்பர் 18

மோர்வானே வந்துவிட்டார். “அன்செல்ம், என் மூக்க என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? ரொட்டிக்கடைக்காரன் நான் மோர்வானே இல்லைங்கிறான்.” என் மனைவி கிளெமான்ஸ் சிரித்துக்கொண்டே சூப் ஊற்றினாள்.

டிசம்பர் 2

விடிந்தால் சுவரெங்கும் ஜனாதிபதியின் அறிவிப்பு: நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. தெருவெல்லாம் சிப்பாய்கள். மோர்வானைப் பிடிக்கப் போனபோது அவர் வீட்டில் இல்லையாம்.

டிசம்பர் 4

சுடுகிறார்கள். வேடிக்கை பார்த்தவர்களையும்.

டிசம்பர் 7

இன்ஸ்பெக்டர் ரோக்கா வந்தார். கையில் என் படம்.

“எங்க ஆளுங்க எவனும் இவன நேர்ல பாத்ததில்ல. நெஜமாவே இப்படித்தான் இருப்பானா?”

“இப்படித்தான்.”

“மூக்கு?”

“கொஞ்சம் கொறச்சுத்தான் போட்டேன்.”

படத்தை ஊரெங்கும் அனுப்ப அச்சுக் கல்லைத் தூக்கிப் போனார்கள். மோர்வான் இருப்பது கிளெமான்ஸின் அண்ணன் வீட்டில்.

டிசம்பர் 12

ஒரு பெண் படத்தோடு வந்தாள். மதாம் புவாசெல். கணவர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். பெரிய மூக்கு. மோர்வான் என்று ரயிலடியில் பிடித்துக் கோட்டையில் அடைத்திருக்கிறார்கள்.

“பொண்டாட்டி நான் சொல்றேன், நம்ப மாட்டேங்கறாங்க. தீவுச் சிறைக்குக் கப்பல்ல ஏத்திடுவாங்களாம். வரைஞ்சவர் நீங்க. இவரு அவர் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொன்னால் வேட்டை மறுபடி தொடங்கும். மோர்வானுக்கு நாளைதான் ரயில், கூலிக்காரன் பாஸ்போர்ட்டில். பார்க்கிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன மனிதன் நான்?

டிசம்பர் 14, ஞாயிறு

மதியம் மைத்துனர் வந்தார். மோர்வான் எல்லை தாண்டிவிட்டாராம். ரோக்காவிடம் உண்மையைச் சொல்லத் தொப்பியை எடுத்தேன். கிளெமான்ஸ் வாசலை மறித்தாள். “போனா உங்கள விட மாட்டாங்க. நாளைக்குப் போங்களேன். இன்னிக்கு ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடலாம்.” ஆட்டுக்கறியும் அவரைக்கொட்டையும் அடுப்பில் இருந்தன. உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 16

நேற்று போய்ச் சொன்னேன்: பொய் சொன்னேன், இவர் மோர்வான் இல்லை. ரோக்கா கத்தவில்லை. “அப்ப அவன் எங்க ஒளிஞ்சிருந்தான்? யாரு வச்சிருந்தா?” அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. இதைக் காவல் கொட்டடியிலிருந்து எழுதுகிறேன்.

மார்ச் 9, 1852. சிறை

கிளெமான்ஸ் வந்தாள். இளைத்திருக்கிறாள். மோர்வான் பிரஸ்ஸல்ஸில் மறுபடி எழுதுகிறாராம், முன்னைவிடக் காரமாக. புவாசெலையும் விட்டுவிட்டார்கள்.

“வேலைக்குப் போறாரா?”

“இல்ல. அந்தம்மாதான் துணி துவைக்கப் போறாங்க.”

“ஏன்?”

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“வலது காது கேக்கலையாம். கோட்டையில அடிச்சிருக்காங்க.”

“எப்ப?”

“அந்த ஞாயித்துக்கிழமை,” என்றாள். “சாயங்காலம்.”