ஐந்து மணங்கு வெல்லம்

கெலமங்கலம்
22-9-1957

அன்பு மகள் சம்பங்கிக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நான் சுகம், நம் செவலைக் காளை என்னைவிடச் சுகம், உன் அம்மா சுகமா இல்லையா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். பம்பாயில் உன் ஆஸ்பத்திரியில் புளூ ஜுரக்காரர்கள் குறைந்துவிட்டார்களா, ராத்திரி டியூட்டி முடித்து வந்து வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மறக்காமல் எழுது.

உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதம் அந்த ஜுரத்தில் நான் பதினோரு நாள் படுத்துக் கிடந்தபோது நீ ஒரு கடிதம் போட்டாய் அல்லவா, வயதானவர்களுக்கு ஜுரம் விட்டாலும் உடம்பு இளைத்துக்கொண்டே போகும், அப்படி விட்டால் ஆபத்து, விடாமல் சாப்பிடக் கொடுங்கள் என்று. அதை நான்தான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். அன்று பிடித்து மூன்று வேளையும் இரண்டிரண்டு உருண்டை ராகிக் களி, அதன்மேல் குழித்து நெய், நடுவில் கடலைக்காய், வெல்லம், முட்டை. ஜுரம் வந்த வாய் வேப்பங்காயாய்க் கசக்கிறது, ஒரு உருண்டை உள்ளே போவதற்குள் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றால் காதில் வாங்குவதில்லை, சம்பங்கி எழுதியிருக்கிறாள் என்று ஒரே பேச்சு.

இதோடு விட்டாளா. எனக்கு நினைவு தப்பிய அன்று நம் ஊர்ப் பெருமாளிடம் இவள் வேண்டிக்கொண்டாளாம், இவர் பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் கொடுக்கிறேன் என்று. நல்ல காரியம்தான், எழுந்துவிட்டேன், கொடுத்துவிடலாம் என்றால் மாட்டேன் என்கிறாள். போன தை மாதம் கங்கப்பன் தன் புளி மண்டியில் புதுத் தராசு மாட்டியபோது ஆளாளுக்கு விளையாட்டாக ஏறி உட்கார்ந்தோம், நான் சரியாக ஐந்து மணங்கு இருந்தேன். ஜுரம் விட்டபின் உட்கார்ந்தால் நாலு மணங்கு இரண்டு வீசை, மணங்குக்கு எட்டு வீசைக் கணக்கில் ஆறு வீசை குறைவு. வேண்டிக்கொண்டது ஐந்து மணங்கு மனுஷனுக்கு, இளைத்த ஆளை உட்காரவைத்து ஆறு வீசை வெல்லத்தைச் சாமிக்குக் குறைப்பதா என்பது அவள் வாதம். அப்படியானால் வெல்லத்தை மட்டும் ஐந்து மணங்காகக் கொடு என்றேன். அது வெறும் காணிக்கை, துலாபாரத்தில் இரண்டு தட்டும் நேராக நிற்க வேண்டும் என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள், என் வீட்டில் களி கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் வாரா வாரம் சந்தை நாளில் என்னைக் கங்கப்பன் தராசில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. புளி விற்க வந்தவன், வாங்க வந்தவன் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கங்கப்பன் வேறு, "கோவிந்தப்பா, கொட்டை எடுத்த புளியா, எடுக்காத புளியா" என்று கேட்கிறான். மானம் போகிறது. அந்த ரோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன் கண்ணு, உன்னிடம் மறைப்பானேன். இவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு உருண்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டுபோய்ச் செவலைக்குப் போட்டுவிடுவேன். இரண்டு மாதமாக அது நெய்க் களி தின்று மினுமினுக்கிறது, ஜூஜுவாடியிலிருந்து ஒரு வியாபாரி வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறான். நான் மட்டும் நாலு மணங்கு இரண்டு வீசையைத் தாண்டி நகரவில்லை.

ஆவணி பிறந்ததும் ஒரு சந்தை நாள் இவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இவ்வளவு தின்ன ஆளு ஏறலேன்னா தராசுதான் பொய் பேசுது" என்று சொல்லி, தை மாதம் பத்துப்பேர் கெஞ்சியும் ஏறாதவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தட்டில் ஏறி உட்கார்ந்தாள். மூன்று மணங்கு. கங்கப்பன் கல்லை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான், மூன்று மணங்கேதான். தட்டு மேலே எழும்பியபோது அவள் கால் என் முகத்துக்கு நேரே வந்தது. மெட்டி கழன்று விழாமல் இருக்க விரலைச் சுற்றி நூல் சுற்றியிருந்தாள் சம்பங்கி. பக்கத்திலேயே இருக்கிறேன், எத்தனை நாளாகச் சுற்றியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கங்கப்பன் சம்சாரம் சென்னம்மாள்தான் என்னைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள், துலாபாரம் முடிகிறவரைக்கும் தனக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான் என்று இவள் அன்றைக்கே சேர்த்து வேண்டிக்கொண்டாளாம், உனக்கும் எனக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் மாட்டுக்குப் போட்ட ஒவ்வொரு உருண்டைக்கும் இவள் பட்டினி ஒரு நாள் நீண்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, வீட்டுக்கு வந்து செவலையைத் திட்டினேன்.

விரதத்தை விடு என்று கத்தினேன், கெஞ்சினேன், நடக்கவில்லை. சரி என்று வாய்க்கசப்பைப் பார்க்காமல் தின்றேன். ஒரு மாதத்தில் மூன்று வீசை ஏறியது, இன்னும் மூன்று வீசை பாக்கி. அதற்குள் இவள் என்ன ஆவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கங்கப்பன்தான் மூன்று இரும்பு வீசைக் கல்லை எடுத்து என் கையில் வைத்தான். வாழ்நாளில் ஒரு படி ராகிகூட நான் குறைத்து அளந்ததில்லை. நேற்றுப் புரட்டாசி முதல் சனிக்கிழமை, அந்த மூன்றையும் இடுப்பில் கட்டி மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு பெருமாள் முன்னால் தட்டில் உட்கார்ந்தேன். ஐந்து மணங்கு வெல்லத்துக்கு முள் நேராக நின்றது. இவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எனக்கு வேர்த்துக் கொட்டியது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரப் போனேன். இடுப்பில் இருக்கிறதை அவிழ்த்து வைத்துவிட்டு உட்காருங்கள், குனிந்தால் குத்தும் என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே. மூன்று கல்லையும் அவிழ்த்து ஓரமாக வைத்தேன். பெருமாளுக்கு ஐந்து மணங்கும் போய்ச் சேர்ந்தது, தட்டும் நேராக நின்றது, அதற்குமேல் நான் கேட்க மாட்டேன் என்று சொல்லி எனக்கு எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று மாதம் கழித்து உட்காருகிறாள். நாலு வாய் வைத்தாள், வயிறு நிறைந்துவிட்டது, குடல் சுருங்கிவிட்டது போல என்று மிச்சத்தை என் தட்டில் போட வந்தாள். இன்று காலையும் அதே கதைதான். நான் சொன்னால் கேட்பாளா, களியை மாட்டுக்குப் போட்டவன் எனக்குப் புத்தி சொல்கிறானா என்று ஒரு பார்வை பார்க்கிறாள், அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகையால் நீ ஒன்று செய். ஆனி மாதம் எழுதினாயே, அந்தக் கடிதத்தையே திரும்ப எழுது, இந்தத் தடவை வெங்கடம்மாளுக்கு என்று அம்மா பெயர் போட்டு எழுது. நெய், முட்டை, கடலைக்காய், மூன்று வேளை, ஒன்றும் விடாதே, விட்டால் ஆபத்து என்பதை இரண்டு தரம் எழுது. வயதானவர்கள் என்று மட்டும் எழுதாதே, கோபம் வரும். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் ஓடி வா. பெருமாள் உனக்கு நல்ல உடம்பும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோவிந்தப்பன்

கடிதத்தைத் தாமதிக்காமல் போடு. கண்ணாடியைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன், நானே அவளுக்கு உரக்க வாசிப்பேன்.