ஏணியடியில் விட்ட பூட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான்.

இங்கே கல்லூரிப் பண்ணையில் தானியத்தைக் களத்தில் குவிப்பதில்லை. பனைமர உயர இரும்புத் தொட்டியில் கொட்டிவைக்கிறார்கள். போன வாரம் பாடத்துக்காகக் கொஞ்சம் மக்காச்சோளம் அள்ளப் போனேன். “செருப்புக் காலோட தானியத்த மிதிக்காதம்மா” என்பீர்களே, அந்தப் பழக்கத்தில் பூட்ஸை ஏணியடியில் கழற்றிவிட்டு ஏறி உள்ளே இறங்கினேன். நான் இருப்பது தெரியாமல் தானியத்தை அடிவழியாக வெளியே இழுக்கும் இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள். மக்காச்சோளம் என்னை இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொண்டது. கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பூட்ஸைப் பார்த்த இயந்திரக்காரர்தான், “ஐயோ, உள்ள ஆள் இருக்கு!” என்று நிறுத்தி, ஆட்களோடு வந்து என்னை வெளியே எடுத்தார். சின்னச் சிராய்ப்புதான்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். மெல்லிய போர்வை ஒன்று அனுப்புங்கள்; இங்குள்ளது மேலே கிடந்து அழுத்துகிறது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இப்போது எந்த அறைக்குள் போனாலும் பூட்ஸை வெளியேதான் விடுகிறேன், அப்பா. நான் உள்ளே இருப்பது யாருக்காவது தெரிய வேண்டும்.

உங்கள் மகள்