அழைப்புமணிக்கு அருகில் ஒரு பெயர்

டார்ம்ஸ்டாட், 14 நவம்பர் 1971, ஞாயிறு.

மாலை காப்பிக்கு வீட்டுக்காரம்மா திருமதி கெஸ்லர் என்னையும் என்னோடு படிக்கும் ராகவனையும் அழைத்திருந்தார். கெஸ்லர் என்றால் செம்புக் கொப்பரை செய்தவர்கள் என்றார் அந்த அம்மா. இல்லை, கெஸ்ஸல் என்ற ஊர்க்காரர்கள் என்றார் கணவர். ஒரு மணி நேரம் இதே சண்டை. பிறகு அந்த அம்மா என்னிடம், "செல்வி கருப்பையா, உங்கள் குடும்பப் பெயர் எப்படி வந்தது?"

அது அப்பாவின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றேன்.

ராகவன் தமிழில் கிசுகிசுத்தான்: "ஜாதியத்தாங்க கேக்கறாங்க. சும்மா சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

என்ன திமிர்! நானோ வாயைத் திறக்காமல் கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அழைப்புமணிக்கு அருகில் ஒட்ட அந்த அம்மா கேட்டிருந்த சீட்டில் 'கருப்பையா' என்று பெரிதாக எழுதிவிட்டேன். ஊரில் அப்பா எத்தனையோ வாசல்களுக்கு வெளியே நின்றிருக்கிறார். இங்கே என்னைப் பார்க்க வருகிறவர்கள் அவர் பெயரைத் தேடித்தான் மணியடிக்க வேண்டும். ராகவனும்தான்.